தனிமுரா என்ற ஆள்

இந்த நாட்டில் என்னை, என்னைப் பெற்ற ஐயாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். லண்டன் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் "மிஸ்டர் கந்தையா" என்று சத்தம் வந்தபோது, ஐயா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் இடித்த பிறகுதான் எழும்பினேன். அது இரண்டாவது விசாரணை. முதல் விசாரணையில் நான் சொன்ன ஒரு வசனத்தில் சிக்கல் வந்திருந்தது. அது தீராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொலிசிட்டர் பயங்காட்டியிருந்தார்.

தனிமுராதான் எங்களைக் கரைசேர்த்தது என்பதே அந்த வசனம். ஊரிலுள்ளவர்கள் சிரிப்பீர்கள். எங்கள் கரையில் தனிமுரா என்றால் வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற ஜப்பான் எஞ்சின் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த எஞ்சின் பூட்டிய வள்ளத்தில்தான் ராமேஸ்வரத்துக்கு ஒன்பது பேர் கடந்தோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. தூரத்தில் ரோந்துப் படகு. ஓட்டி கயிற்றை இழுத்து இழுத்து, "தனிமுரா, என்ரை ராசா, எழும்படா" என்று கெஞ்சினான். ஏழாவது இழுவையில் எழும்பியது. கரைக்கு வந்ததும், சுங்கத்துக்குப் பயந்து அதைக் கழற்றிக் குழி தோண்டி மணலுக்குள் தாட்டோம். இவ்வளவையும் நான் விலாவாரியாகச் சொல்ல, மொழிபெயர்த்த சென்னை அம்மா தனிமுராவுக்கு நடுக்கடலில் மூச்சு நின்றது, கரையில் புதைத்தார்கள் என்று சொல்லிவிட்டார். நான் ஆளைப் புதைத்தவன் என்று ஃபைலில் ஏறிவிட்டது.

இரண்டாவது விசாரணைக்கும் அதே அம்மாதான் வந்திருந்தார். அது ஆளில்லை, எஞ்சின் என்றேன். அம்மாவின் முகம் கறுத்தது.

"ஃபைல்ல ஆளுன்னு இருக்குங்க. இப்போ மாத்தினா சார் நம்பமாட்டார்."

அதிகாரி நம்பவில்லைதான். மேசையிலிருந்த அன்றைய பத்திரிகையை விரித்து என் பக்கம் தள்ளினார். தகரக் கொட்டிலில் தொழில் தொடங்கிய ஜப்பான் முதலாளி தனிமுரா லண்டன் வந்திருக்கிறார், மந்திரிமார் விருந்து வைக்கிறார்கள், உலகமே அறிந்த மனிதரை எஞ்சின் என்கிறாயா என்று கேட்டார். சத்தியமாக, அந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தில் கறுப்புக் கோட் போட்ட கிழவர் ஒருவர் எஞ்சின் ஒன்றின் மேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் எஞ்சினில் விரலை வைத்தேன்.

"சேர், நாங்கள் தாட்டது இதைத்தான். இந்தப் பெரியவரை எனக்குத் தெரியாது."

அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டு, ஃபைலில் தனிமுராவின் பெயரை நேராக வெட்டினார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் பேனையை மூடவில்லை. அப்படியென்றால் நீ அந்த வள்ளத்தில் வந்ததற்கு யார் சாட்சி என்று கேட்டார். ஓட்டி அடுத்த பயணத்தில் திரும்பவில்லை. மற்றவர்கள் எந்த முகாமில் என்று தெரியாது. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் என்னைத் தெரியும் என்பார்கள். ஆனால் குரோய்டனில், அந்தத் தாளில், என்னோடு வந்ததாக எழுதியிருந்தது ஒரே ஒரு பெயர். அதையும் நானே வெட்டுவித்திருந்தேன்.