லெட்சுமி அக்கா ஆசைப்பட்ட கதவு

லெட்சுமி அக்காவின் மகள் கவிதா கோலாலம்பூரிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தாள். சென்னையில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு கேட்டேன். "அம்மா இல்ல டீச்சர்" என்று தொடங்கியவள், காரியமெல்லாம் முடிந்ததைச் சொல்லிவிட்டு அழுதாள். "எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்க. தோட்டத்துல இருந்தவங்கள பிளாட்ல கொண்டாந்து அடைச்சு சாகடிச்சிட்டேனாம்." பொறுக்கிய தக்காளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்படிப் பேசுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அக்காவோடு வாழ்ந்த உங்கள் எல்லோர் மீதும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலராக ஓராண்டு அங்கே இருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு எனக்கு. வந்த முதல் ஞாயிறு, ஊர்ப் பழக்கத்தில் பகலில் கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டேன். லயத்தில் பகல் நேரத்தில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே நோய், இல்லையென்றால் சண்டை. நான் எழுந்து திறந்தபோது வாசலில் பெருங்கூட்டம். ஒருவர் கையில் கடப்பாரை. அக்காதான் விரட்டினார். "தூங்கியிருக்காங்க லா, போங்க." பிறகு தானும் உள்ளே வந்து, கதவைத் தாழிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கிறேன் டீச்சர். நீங்க பேச வேணாம்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தார். கொழுந்து வெட்டிவிட்டு வீடு திரும்பினால் வாசலில் யாராவது காத்திருப்பார்கள். என்ன குழம்பு, ஏன் முகம் வாடியிருக்கிறது, கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா. எல்லாம் பாசம்தான், அக்காவும் மறுக்கவில்லை. "நல்ல மனுஷங்கதான். ஆனா நான் அழணும்னாக்கூட அவங்ககிட்ட காரணம் சொல்லிட்டுத்தான் அழணும்."

மலையின் குளிரையும் பச்சையையும் நான் வியந்தால் அவருக்குச் சிரிப்பு வரும். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வரும் சுற்றுலாக் கூட்டத்தோடு என்னையும் சேர்த்துவிடுவார். "அங்க வேணாம்னு நீங்க இங்க வந்தீங்க. இங்க வேணாம்னு நான் அங்க போகப் பாக்குறேன். நடுவழியில சந்திச்சிக்கிட்டோம்." ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டவுன்ல பக்கத்து வீட்டுக்காரங்க நெசமாவே ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" எந்தக் குறையைச் சொல்லி நான் சென்னையைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதைத்தான் கேட்கிறார். கேட்க மாட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மலையிலேயே, கம்போங் ராஜாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்தார்கள். அக்கா மகளிடம் போனார். உங்கள் மனம் நோகக் கூடாதே என்று, "மக கூப்பிடுறா, என்ன செய்றது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள். தான் கூப்பிட்டதற்காகத்தான் அம்மா வந்தார் என்று பாவம், கவிதாவும் நம்பிவிட்டாள்.

நோய் முற்றிய பிறகும் அவர் மலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. கடைசியாக வீடியோ அழைப்பில் பேசினோம். மெலிந்திருந்தார். கவிதா வேலைக்குப் போயிருந்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல டீச்சர். காலையிலேர்ந்து ஒண்ணுமே செய்யல." பரிசு வாங்கியவர்போலச் சொன்னார். "யாரும் கூப்பிடவும் இல்ல."

கவிதா, அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த நேரத்து முகத்தைத்தான். லயத்தில் ஓராண்டு பக்கத்திலேயே இருந்தும் அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உன் வீட்டில்தான் பார்த்தேன்.