எனக்காகப் பிடித்து வைத்த சீட்

ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக. ஒரு டீச்சர் இப்படிச் சபிக்கலாமா என்றால், சபிப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ரயில்வே யார்டில் ஃபிட்டர் வேலை. வருஷா வருஷம் குடும்பத்துக்கு இலவச பாஸ் கிடைக்கும். ஆனால் மே மாதம் வந்தால் எனக்குப் பரீட்சைத் தாள், கூட்டம் என்று ஏதாவது வந்து நிற்கும். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழு வயது. இந்தத் தடவை மூன்று பேரும் வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று கிறிஸ்துமஸிலிருந்தே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பள்ளித் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். சைதாப்பேட்டையில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி. முடித்தவருக்குத்தான் அடுத்த தலைமையாசிரியை பதவி. தொடங்குவது நாங்கள் ரயிலேறும் அதே நாள். "யோசிச்சு சொல்லுங்க டீச்சர். நீங்க வரலேன்னா அடுத்தவங்க பேரைக் கொடுத்துடுவேன்" என்றார்.

இரண்டு நாளும் யோசித்தேன் என்று சொன்னால் அது சுத்தப் பொய். அவர் அறையை விட்டு வரும்போதே முடிவு செய்துவிட்டேன். மகளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். கிளம்பும் காலையில் அவள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "நீயும் நைனாவும் முன்னாடி போய் எனக்கு சீட் பிடிச்சு வையுங்க. ஸ்கூல்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா எழும்பூர் வந்துடறேன்" என்றேன்.

கணவர் பையைத் தூக்கினார். என் புடவை ஒன்றுகூட அதில் இல்லை என்பது கனத்திலேயே தெரிந்துவிட்டது. "இன்னாமே இது?" என்று மெல்லக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் அதற்குள் துண்டைக் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

எழும்பூரில் கிளம்பும் ரயில் சைதாப்பேட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அதன் ஊதல் கேட்டது. ஆனாலும் கரும்பலகையில் இருந்ததை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். நல்ல டீச்சர்தான் போங்கள்!

பத்து நாளில் திரும்பி வந்தார்கள். மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. மாதா கோயில் எண்ணெய் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அப்பாடா, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்! அதற்குப் பிறகு அவள் என்னை எங்கேயும் கூப்பிடவே இல்லை.

மறுவருஷம் தலைமையாசிரியை ஆனேன். தனி அறை, கைவைத்த நாற்காலி. முதல் நாள் அதில் உட்காரப் போனேன். "இங்க ஆள் வருது" என்று பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. திரும்பினேன். அறையில் யாரும் இல்லை. அன்றைக்கு நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"உன் பொண்ணு அதையேதான் கத்திகினு கெடந்துச்சு. துண்டு மேல படுத்துக்கினு யாரையும் குந்த வுடல. வண்டி கெளம்பிச்சு, அப்பவும் எழுந்துக்கல. தாம்பரத்துல ஏறுவாங்களா நைனான்னு கேட்டுச்சு. ஏறுவாங்கன்னேன். செங்கல்பட்டுலயும் கேட்டுச்சு. நான் வேற இன்னாத்த சொல்றது? கைக்கொழந்தையோட ஒரு அம்மா நின்னுகினே வந்தாங்க. விழுப்புரம் தாண்டினதும் இதுவா எழுந்து துண்டை மடிச்சுது. 'குந்துங்க, ஆள் வராது'ன்னுச்சு. 'உங்கம்மா எங்க கண்ணு?'ன்னு அவங்க கேட்டாங்க."

அவர் கை கழுவ எழுந்தார். சொல்லுங்கள் என்றேன்.

"'எனுக்கு அம்மா இல்ல'ன்னு சொல்லிடுச்சுமே."