பில்ட் ஓடாமலே முடிஞ்ச பின்னேரம்

கம்பசாலை வெளிக்கிட்ட சூட்டோடை, சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்திலை ஒரு கொம்பியூட்டர் நிலையத்திலை சேந்தன். ஒரே ஒரு மெசின். ஊரிலை கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயிலை ஓடுற எஞ்சின் பின்னேரத்திலை ரண்டு மணித்தியாலம் ஓடும். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நிவாரண லிஸ்ற் அடிச்சுக் குடுக்கிறதுதான் முக்கிய வேலை.

எஞ்சின் நிண்டா மெசின் டிஸ்க்கிலை இல்லாத எல்லாத்தையும் மறந்துபோடும். நாங்கள் எழுதினதை ஓடுற புரோகிராமா மாத்திற கொம்பைலர் எங்கை, லைப்ரரி எங்கை எண்டு எட்டு SET வரியை, சுவரிலை ஒட்டின தாளைப் பாத்து ஒவ்வொரு நாளும் அடிக்கவேணும். நித்திரையாலை எழும்பித் தான் ஆரெண்டே தெரியாமல் முழுசிற ஒராளுக்கு, "உது உன்ரை அறை, உது உன்ரை அலுமாரி" எண்டு காட்டுற மாதிரி. எஞ்சின் இரைச்சலும் பச்சை எழுத்தும் மண்ணெண்ணெய் மணமும் சேர எனக்கும் கண் சொருகும். வேறை ஆரோ என்ரை விரலாலை அடிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் கிழமை, கீரிமலையாலை புதுசா இடம்பெயர்ந்து வந்த ஆக்களின்ரை ஃபைலையும் வாசிக்கப் புரோகிராமை மாத்தினன். கையோடை எட்டு வரியையும் ஒரு ஃபைலிலை போட்டு, கொம்பைலரை ஓட்டிப் புரோகிராமைக் கட்டுற பில்ட் ஃபைலின்ரை முதல் வரியிலை அதின்ரை பேரை எழுதினன். ஓட்டினன். கண் மூடித் திறக்கிறதுக்குள்ளை முடிஞ்சுது.

"பாத்தியளே அண்ணை, நாலு நிமிச வேலை எப்பிடிப் பறக்குது!"

எஞ்சினைப் பாக்கிற அன்ரன் அண்ணை, குருநகர் ஆள், வாசலிலை நிண்டு சிரிச்சார். "கம்பசிலை மந்திரமும் படிப்பிக்கினமோ?"

லிஸ்ற் அடிச்சு முடியேக்கை கைக்குழந்தையோடை ஒரு அக்கா வந்தா. கீரிமலை. லிஸ்ற்றிலை பேர் இருந்தாத்தான் நாளைக்குப் பால்மா. இல்லாட்டி அடுத்த லிஸ்ற் வரும்மட்டும் பாத்துக்கொண்டிருக்கவேணும்.

"என்ரை பேர் எதிலை கிடக்கு, பிள்ளை?"

தேடினன். இல்லை. கீரிமலை ஆக்கள் ஒருத்தருமே இல்லை.

"புரோகிராம் சரிதானே," எண்டன். வாய்தான் சொன்னது.

"ஓடினது பழசோ தெரியாது, ஃபைலின்ரை திகதியைப் பாரும்," எண்டார் அன்ரன் அண்ணை.

எங்கை பாக்கிறது? மெசின் தொடங்கேக்கை திகதி கேக்கும். எண்ணெய் எரியுதெண்டு எல்லாரும் சும்மா என்ரர் கீயைத் தட்டிவிடுவம். அதாலை எல்லா ஃபைலுக்கும் ஒரே திகதி, 1980 சனவரி ஒண்டு. எது புதுசு, எது பழசு எண்டு மெசினுக்கே தெரியாது.

"கால் மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய் காணும்," எண்டார் அண்ணை. "மந்திரத்தைத் திருப்பி விடும்."

திருப்பி ஓட்டி, இந்தமுறை முழிச்சிருந்து பாத்தன். எட்டு வரியும் ஓடிச்சுது. பிறகு ஒண்டுமில்லை. கொம்பைலர் தொடங்கவே இல்லை! பில்ட் ஃபைல் மாதிரிக் கட்டளைகளை அடுக்கி வைச்ச ஒரு பட்ச் ஃபைலுக்குள்ளை இன்னொண்டின்ரை பேரைச் சும்மா எழுதினா, மெசின் அங்கை போகும், திரும்பி வராது. முன்னாலை CALL போட்டாத்தான் விட்ட இடத்துக்கு வரும். புதுசு உருவாகவே இல்லை; நான் ஓட்டி லிஸ்ற் அடிச்சது டிஸ்க்கிலை கிடந்த போன கிழமைப் புரோகிராம்.

CALL போட்டன். நாலு நிமிசம். அக்கா பிள்ளையின்ரை முதுகைத் தட்டிக்கொண்டு நிண்டா. அந்தத் தட்டலும் எஞ்சினும் ஒரே தாளத்திலை போறமாதிரிக் கேட்டுது. எஞ்சின் இருமத் தொடங்க, அடியிலை கிடக்கிற எண்ணெய் இறங்கட்டுமெண்டு அன்ரன் அண்ணை அதைச் சரிச்சுப் பிடிச்சார். பிறின்ரர் வரி வரியா இறங்கிச்சுது. பேர் வந்துது. இங்கிலிசு எழுத்து, அக்காவின்ரை விரலைப் பிடிச்சு அதிலை வைச்சன்.

"உது நாளைக்கும் இருக்குமோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. தாளிலை இருக்கு."

இப்ப என்ரை பில்ட் ஃபைலின்ரை முதல் வரி, பழைய புரோகிராமை அழிக்கிறது. அந்த எட்டு வரி ஃபைலைக் கூப்பிடுறது அதுக்குப் பிறகுதான். பில்ட் பிழைச்சா லிஸ்ற் அடிக்கக் கையிலை ஒண்டுமே மிஞ்சாது; பழசு புதுசெண்டு ஏமாத்தவும் ஏலாது. புதுசா வேலைக்கு வாற ஆரும் அந்த வரியைத் தேவையில்லையெண்டு வெட்ட நினைச்சா, முதல்லை என்னட்டை வாங்கோ, கதைப்பம்.