இரண்டு ஊசியின் துண்டுகள்

அந்தத் தையல் ஆலையில் அவளை 'ஜெபக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆசையாக வைத்த பேர் இல்லை. மெஷினில் உட்காருவதற்கு முன் அரை நிமிஷம் கண்ணை மூடுவாள். அதைப் பார்த்து யாரோ ஒருத்தி கிண்டலாகக் கூப்பிட, பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபப்படாமல், "என்னம்மா?" என்று திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் மெஷின் மிதித்த கால். புருஷன் போன பிறகு மகளைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்ததெல்லாம் அந்த மிதியில்தான். முழங்கால் தேய்ந்து எழுந்து உட்கார முடியாமல் போனதும், மேனேஜர் அவளை ஊசி மேஜைக்கு மாற்றினார்.

வேலை சின்னது, பொறுப்பு பெரிசு. அங்கே தைப்பதெல்லாம் கைக்குழந்தைச் சட்டை. யாருக்காவது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். ஜெபக்கா அவற்றைச் சேர்த்து வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும், "போய்த் தேடிட்டு வா கண்ணு" என்று அனுப்பிவிடுவாள். எத்தனை முறைத்தாலும் அசையமாட்டாள்.

அந்த மேஜை தனக்குத்தான் வரும் என்று காத்திருந்தவள் மூன்றாவது லைன் கத்திரி. நாக்குக்காகக் கிடைத்த பேர் அது. மேஜை கைவிட்டுப் போன நாளிலிருந்து ஜெபக்காவை உண்டு இல்லை என்று ஆக்குவதே அவளுக்கு வேலை. நாற்காலியில் திருகாணி கழன்று கிடக்கும். மேனேஜருக்கு மொட்டைக் கடுதாசி போகும். "சாமி கும்பிடுற மாதிரி கண்ணை மூடித் தூங்குறா" என்று கேண்டீன் முழுக்கப் பேச்சு.

ஜெபக்கா வீட்டில் உட்கார்ந்து அழுததும் உண்டு. ஆனால் தினமும் காலையில் ஜெபத்தில் கத்திரியின் பேரையும் சேர்த்துச் சொல்வாள். முதல் ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆண்டவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. சொல்லச் சொல்லத்தான் பல் விட்டது.

அன்றைக்கு ஜெபக்கா சந்தோஷத்தில் தரையில் நடக்கவே இல்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள். காலை டீ நேரத்தில் போனில் படம் வந்திருந்தது. வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிறது பேத்தி. பார்த்துப் பார்த்துத் தீரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கத்திரி மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தாங்க, எண்ணிக்கோங்க. அப்புறம் குறை சொல்லக் கூடாது."

ஜெபக்கா ஒரு கண்ணால் துண்டையும் ஒரு கண்ணால் கொட்டாவியையும் பார்த்தாள். ஒட்டினாள், கையெழுத்துப் போட்டாள், புது ஊசி கொடுத்தாள்.

மூன்று மணிக்கு நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மேல் துண்டு இரண்டும் தடித்த ஊசி. முனை மட்டும் மெல்லிசு. அது வேறொரு ஊசியின் முனை.

அப்படியானால் இந்த ஊசியின் முனை எங்கே? அந்த ஊசியில் தைத்த சட்டையெல்லாம் பெட்டிக்குள் போயாகிவிட்டது. பேக்கிங் வாசலில் ஊசி பிடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. சட்டைக்குள் இரும்பு இருந்தால் கத்தும். மதியத்திலிருந்து அது ரிப்பேர்; லாரி அவசரத்தில் சட்டைகள் அதற்குள் போகாமலே பெட்டியில் ஏறியிருந்தன. மெக்கானிக் அதற்கடியில் மல்லாந்து கிடக்கிறார். நாலு மணிக்கு லாரி.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், கையெழுத்து அவளுடையது. கத்திரி நினைத்தது நடந்துவிடும்.

துணி அடுக்கிய அறைக்குள் போய் நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, என்னைத் தள்ளத்தான் அவ குழி வெட்டியிருக்கா. இப்ப நானே அதுல இறங்கப் போறேன். என் கையை மட்டும் விட்டுடாதீங்க."

கண்ணைத் திறந்தாள். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் படியேறினாள்.

மேனேஜர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க எப்படிம்மா இதைக் கவனிக்காம விட்டீங்க?"

"பேத்தி படம் பாத்துட்டு இருந்தேன் சார்."

"நல்ல காரணம்! வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். மொதல்ல லாரியை நிறுத்துங்க. அப்புறம் என்னை நிறுத்துங்க."

லாரி நின்றது, லைனும் நின்றது. பேக்கிங் அறையில் அறுபது பெட்டிகள். கூட்டத்தின் முன்னால் வந்து நின்றாள் கத்திரி.

"எதுக்கு இந்தக் கூத்து? வாசல்ல மெஷின் கத்துமே!"

"அது ரிப்பேர்டி. மதியத்துலேர்ந்து கத்தலை."

கத்திரியின் முகம் வெளுத்தது. "காலையில ஓடிச்சே?"

ஜெபக்கா கிட்டே போனாள். "எங்கடி வச்சே?"

கத்திரியின் கண் பெட்டிகள் பக்கம் ஓடியது.

"கைக்குழந்தை போடுற சட்டைடி. சொல்லு."

"மஞ்சள் சட்டை. கழுத்துப் பட்டியில." குரல் உள்ளே போய்விட்டது. "எந்தப் பெட்டின்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மெஷின் பிடிச்சிடும், நீங்க மாட்டிப்பீங்கன்னு நெனச்சேன்."

"கழுத்துலயா!"

ஜெபக்காவின் கை ஓங்கியே விட்டது. ஓங்கிய கை பக்கத்துப் பெட்டியின் மேல் இறங்கி, டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தது.

"உக்காரு. மஞ்சளை மட்டும் எடு. பட்டியை விரலால தடவு, அவசரப்படாதே."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பெட்டி பெட்டியாக நகர்த்திக் கொடுத்தார்கள். காந்தத் துண்டை மேலே ஓட்டி, அப்புறம் விரலால் தடவி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பதினேழாவது பெட்டியில் ஜெபக்காவின் விரல் நின்றது. பட்டியின் மடிப்புக்குள் அரிசியில் பாதி அளவுக்கு ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. பிரித்தாள். முனை.

நோட்டில் இருந்த இரண்டு துண்டோடு வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"மஞ்சள்னு எப்படித் தெரிஞ்சுது?" அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜர் கேட்டார்.

ஜெபக்கா கத்திரியைப் பார்த்தாள். "அவ வாயாலயே சொல்லட்டும் சார்."

கத்திரி சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். கேட்டு முடித்த மேனேஜர், "வீட்டுக்குக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார்.

"அவ சொன்னதாலதான் சார் கிடைச்சுது" என்றாள் ஜெபக்கா. "பண்ணினது பெரிய தப்பு. தண்டனை குடுங்க. சோத்துல மட்டும் கை வைக்காதீங்க."

"உங்களைக் கவுக்கப் பாத்தவளுக்கு நீங்களே வக்கீலா?"

"என் வழக்கைப் பாக்க ஆள் இருக்காரு சார். இவளுக்கு இங்க வேற யாரு?"

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கத்திரிக்கு ஒரு மாசம் வேலை கிடையாது, திரும்பி வந்தால் மெஷினும் கிடையாது, துணி மடிக்கிற இடம்தான் என்று தீர்ந்தது. ஜெபக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு ஊசி மேஜையில யாரு சார்?"

"நீங்கதான். தன் தப்பைத் தானே தூக்கிட்டு வர்ற ஆளை விட்டுட்டு நான் எங்க போய்த் தேடுறது? போன் மட்டும் உள்ள வரக் கூடாது."

அவள் நோட்டை விரித்து, பழைய டேப்பின் மேல் ஊசியின் நிஜ முனையை ஒட்டினாள். பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்: "நான் சரியாப் பாக்கலை. அஞ்சே காலுக்குக் கிடைச்சுது. கர்த்தருக்கு நன்றி."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஆபீஸ் நோட்டுல இப்படியா எழுதுவாங்க?"

"நடந்ததைத்தானே சார் எழுதணும்" என்று பேனாவை மூடினாள் ஜெபக்கா.