ஒரு தரம் சொன்ன ‘போலே’

நார்த்மீட்டில் நான் இருக்கிற வீட்டின் நிலம் முழுக்க நானே பதித்தது. பின்பக்கத்துக் கராஜ், மதில், மழைத்தண்ணீர்த் தாங்கி நிற்கிற மேடை, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ஹோம்புஷில் நீங்கள் தோசை சாப்பிடுகிற கடைகளில் மூன்றின் குசினி நிலத்துக்கு ரைல்ஸ் பதித்தவன் நான். ஒன்றிலும் தண்ணீர் தேங்காது, வேண்டுமானால் ஊற்றிப் பாருங்கள். லிட்கமில் ஒரு மண்டபத்துப் படிகளை இரண்டு கொம்பனிக்காரர் அளந்துபோட்டு, சரிவராது என்று விட்டுப் போனார்கள். முழங்காலில் நின்று நான் முடித்தேன், படியில் என் பேரைப் போடச் சொல்லியும் கேட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீசில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. ஆனால் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் எத்தனை பெட்டி ரைல்ஸ் என்று சொல்லுவேன். கணக்குப் பிழைத்தது கிடையாது.

ஆகவே கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சிங்கம், யானை பார்க்கப் போவது என்று வீட்டில் முடிவானபோது, வழியை நான் போடுகிறேன் என்றேன். மகள் சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை, எதையும் கொம்பியூட்டரில் கட்டம் கட்டமாகப் போடுகிறவள். மருமகன் கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஒரு ஞாயிறு காலை மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தோடு இருந்தோம்.

மகளின் திட்டப்படி நைரோபியில் இறங்கி, அம்போசெலியில் இரண்டு நாள் யானை பார்ப்பது. மூன்றாம் நாள் சின்னப் பிளேனில் எல்லை தாண்டி செரங்கெட்டி.

"மூண்டாம் நாள் பிளேன் வேண்டாம்," என்றேன். "ரோட்டால போவம். நமங்காவுக்குள்ளால."

"அது போடர் ரவுண் அப்பா, வெறும் எல்லை ஊர். மிருகமே இல்லை. அங்க என்ன இருக்கு?"

"நாள் முழுக்க குலுங்கிட்டே போகணும் மாமா. உங்க முதுகு தாங்குமா?" என்றார் மருமகன்.

"லிட்கம் படியளைத் தாங்கின முதுகு."

"அந்தப் படிய இன்னும் எத்தனை தடவைதான் நாங்க ஏறணும்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. ஐந்து வருசத்துக்கு முன் போய்ச் சேர்ந்த என் மனிசிக்கே, மகளின் தாய்க்கே, நான் அதை முழுதாகச் சொன்னதில்லை.

இருபத்திமூன்று வயதில், வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் என்னை நமங்காவில் ஒரு தகரக்கூரை வீட்டில் கொண்டுபோய் விட்டான். கூட ஒருத்தன். எங்கள் ஊரில் எனக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு, ஒரே வயது. ஒன்றரை மாதம் வெளியே தலை காட்டக் கூடாது. காவலுக்கு ஒரு நெட்டை மனிதன், எந்நேரமும் தலையில் தொப்பி. காலையில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சஃபாரி கேஷோ" என்பான். நாளைக்குப் பயணம் என்று அர்த்தம். எனக்குச் சஃபாரி என்றால் மிருகம் இல்லை. வராத வாகனம். அவசரமாகச் சாப்பிட்டால் "போலே போலே" என்று கையைத் தாழ்த்துவான், மெல்ல மெல்ல என்று. என் கூட்டாளி தமிழில் கேட்பான்: "எது போல மச்சான்? ஆர் போல?" இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரிப்போம்.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நடுக்கமும் பிதற்றலும். ஆறாம் நாள் காவல்காரன் அவனைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனான், தனியாகத் திரும்பி வந்தான். மறுநாள் மத்தியானம் வாகனம் வந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, அவன் படுத்த பாயைக் காட்டி, "அவன்? சஃபாரி கேஷோ?" என்று கேட்டேன். காவல்காரன் தொப்பியைக் கழற்றினான். என் மணிக்கட்டைப் பிடித்து, "போலே" என்றான்.

மெல்ல வருவான் என்று எடுத்துக்கொண்டு நான் ஏறிவிட்டேன். எல்லைக்கு அந்தப்பக்கம் போனதும் கூட்டாளியின் தாய்க்குக் கடிதம் போட்டேன்: ‘காய்ச்சல் மாறினதும் பின்னால் மெல்ல வருவான்.’ அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தாய் சாகும்வரை வாசல் பார்த்தாள் என்று கேள்வி. கனடாவில் எங்கேயாவது இருப்பான், திமிர் பிடித்தவன், என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நமங்காவில் விசாரித்தால் யாருக்காவது தெரிந்திருக்கும் என்றுதான் ரோட்டுக்கு அடம்பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு, பயணக் கொம்பனி அனுப்பிய சுவாஹிலிச் சொல்லட்டையை மருமகன் பகிடியாக வாசித்தார்.

"ஜம்போன்னா வணக்கம். போலே போலேன்னா மெதுவா. நம்ம மாமாவுக்கு ஆகாத வார்த்தை. ஆனா ஒரு தடவை மட்டும் ‘போலே’ன்னா வேறயாம். ‘வருந்துறேன்’னு அர்த்தம். துக்க வீட்ல சொல்றதாம்."

"திருப்பி வாசியும் தம்பி."

வாசித்தார்.

"மெல்லவுக்கு ரெண்டு தரமோ?"

"ஆமா மாமா. ரெண்டு தடவை."

காவல்காரன் ஒரு தரம்தான் சொன்னான். எத்தனை வருசம் கழிந்தாலும் அந்தக் குரலை எனக்கு எண்ணத் தெரியும். சுவாஹிலி தெரியாதது என் பிழை இல்லை. ஆனால் தொப்பியைக் கழற்றினதை நான் கண்டேன். ஒரு மனிதன் தொப்பியைக் கழற்றினால் என்ன என்று எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரியும். வாகனம் நின்றுகொண்டிருந்தது. நான் ஏற விரும்பினேன்.

அன்று மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து பேச்சுத் தமிழில் யாராவது ‘அது போல’ என்றால் என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுகிறது. கவனித்தீர்களோ தெரியாது, இதில் அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் நான் வேறு சொல் போட்டிருக்கிறேன்.

மகள் கொம்பியூட்டரைத் திறந்தாள். மூன்றாம் நாள் கட்டத்தில் பிளேனை அழித்து, நமங்கா என்று அடித்தாள். அதன் கீழே இங்கிலீசில் ஏதோ எழுதினாள். என்ன என்று கேட்டேன்.

"‘அப்பாவின் நண்பர் இறந்த இடம்.’ சரியா அப்பா?"

"பிளானின்ர தலைப்பில ஆற்ற பேர் இருக்கு?"

"எங்கட ரெண்டு பேற்றையும்."

"என்ர பேரையும் போடு. மூண்டாம் நாள் நான் போட்ட வழி. கீழ எழுதினதையும் மாத்து. ‘அப்பா விட்டுப்போட்டு வந்த இடம்’ எண்டு எழுது. தாய்க்கு மெல்ல வருவான் எண்டு கடிதம் போட்டதும் அப்பா எண்டு எழுது."

"அதெல்லாம் எதுக்கு அப்பா, பிளானில?"

படிகளுக்குக் கேட்ட மாதிரியே இதற்கும் கேட்கிறேன். செய்தவன் நான். என் பேரைப் போடுங்கள்.