நாலை ஆறாக்கிய பிழையும் ஜெயக்கொடியும்

எட்டயபுரத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணினியைப் பிரித்துப் போட்டிருந்தபோது செய்தி வந்தது. ஜெயக்கொடி இறந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு, நாற்பத்து நான்கு வயது. கோவில்பட்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அம்மாவும் நானும் சேர்ந்து கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தினோம். துக்க வீட்டில் உங்களில் பலர் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினீர்கள். பொறுமையா? பழுது ஒன்று பிடிபடப்போகிறது என்றால் அவர் நாற்காலியில் உட்காரவே மாட்டார்!

நகரில் ஒரு சிறிய மருத்துவமனை. ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் 4.1 என்று ஆய்வகப் பதிவேட்டில் இருந்தது. கணினி அச்சிட்ட தாளில் 6.1. இதயத்துக்கே ஆபத்தான அளவு. நன்றாக நடமாடும் ஆளுக்கு இப்படி வருமா என்று மருத்துவர் மறுபடி சோதித்ததால் தப்பியது. அதற்கு முன்பும் சில தாள்களில் எண் மாறியிருந்ததாம். தட்டச்சு செய்த மாரிச்செல்வி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நாளை முதல் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டதோ அச்சுப்பொறியைப் பார்க்கத்தான்.

விஷயம் தெரிந்ததும் ஜெயக்கொடி அச்சுப்பொறியை மறந்தார். "ஏட்டி, அழாத. தப்பா வந்த தாளெல்லாம் இருக்கா? எடுத்துட்டு வா."

தரையில் பரப்பி, பதிவேட்டோடு ஒப்பிட்டார். நாலு ஆறாகியிருந்தது. ஒன்று மூன்றாகியிருந்தது. ஐந்து ஏழாகியிருந்தது. துள்ளி எழுந்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் ரெண்டு ரெண்டாக் கூடியிருக்கு! மனுசங்க இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ண மாட்டாங்கல்லா!"

கணினியின் நினைவகத்தில் ஏதோ ஓர் இடம் பழுது. அங்கே போய் விழும் எண் மட்டும் மாறுகிறது என்றார். அந்த நினைவகம் இருக்கும் ராம் அட்டையைக் கழற்றி எங்கள் கடைக் கணினியில் மாட்டிச் சோதனையை ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி. பிறகு இன்னொன்று. பிறகு மளமளவென்று! நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் காலை மாரிச்செல்வி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நின்னு போற மெஷினை மன்னிச்சிரலாம் அண்ணாச்சி. தப்பாச் சொல்லிக்கிட்டே ஓடுற மெஷினை மன்னிக்கக் கூடாது" என்பார்.

அதே மருத்துவமனைக்குப் புதிய சர்வர் வைத்தோம். தன் நினைவகப் பிழையைத் தானே திருத்தும். தகவலைச் சேமிக்கும் இரண்டு வட்டுகளில் ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டார் பெரிய டாக்டர். வெளியே நோயாளிகள் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். ஜெயக்கொடி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து ஒரு வட்டைச் சடக்கென்று உருவிவிட்டார்.

"ஏம்மா, என்ன செய்யுதீங்க!"

"சீட்டு வருதான்னு பாருங்க சார்."

வந்தது. அடுத்ததும் வந்தது. டாக்டர் வட்டைக் கையில் வாங்கி, சிறுபிள்ளைபோலச் சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் துணிச்சலைத்தான். வேலை முடிந்தது என்று வாயால் சொல்வதில்லை, உருவிக் காட்டுகிறேன். சென்ற வாரம் கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆலையில் முதல்முறையாகத் தனியாகச் செய்தேன். ஓடும்போதே வட்டை உருவினேன். இயந்திரம் நிற்கவில்லை.