முன்னூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்

செத்துப்போன தபித்தாள் நேற்று இருபத்துநாலு கிலோ கொழுந்து பறித்திருந்தாள். ஷைனாவின் கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது.

தபித்தாள் ஷைனாவின் அம்மா. நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்து, நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். மகள் படித்துவிட்டு அதே எஸ்டேட் ஆபீஸில் புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். பழைய பதிவுகளை இணைப்பது அவள் வேலை. அதற்கென்று லைப்ரரி என்று ஒரு ஆயத்த புரோகிராம் தொகுப்பு இருக்கிறது. ஆட்களின் விவரம் உள்ள டேபிளுக்கும் அன்றாடம் பறித்த எடை உள்ள டேபிளுக்கும் என்ன உறவு என்று ஒரு வரி எழுதினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆளின் நம்பர்தான் உறவு என்று எழுதினாள் ஷைனா.

அங்கேதான் சறுக்கினாள். எஸ்டேட்டில் ஆள் போனாலும் நம்பர் போகாது. அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும். படிப்பு மறக்கடித்துவிட்டது. அம்மாவின் 312 இப்போது ரேகா என்பவளுடையது. ரேகாவின் எடை அம்மா பெயரிலும், அம்மாவின் சாவு ரேகா பெயரிலும் வந்து ஒட்டிக்கொண்டன.

முதல் நாளே தப்பு புரிந்துவிட்டது. திருத்தப் பத்து நிமிஷம்கூட ஆகாது. திருத்தவில்லை. தினமும் ஜன்னலை மூடுபனி அடைக்கும் நேரத்தில் அம்மா பெயரைத் தேடுவாள். இருபது கிலோ. பதினெட்டு. மழை நாளில் ஒன்பது. “இன்னிக்கு நனைஞ்சுட்டியாம்மா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் விட மனமில்லை.

பத்தாம் நாள் ரேகா ஒரு காகிதத்தோடு ஆபீஸுக்கு வந்தாள்.

“ஏனுங்க, நான் செத்துப்போயிட்டனாமுங்க. எஸ்டேட் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லி எழுதியிருக்குது. ரெண்டு கொழந்தைகள வச்சுட்டு எங்கீங்க போவேன்?”

ஷைனாவின் கம்ப்யூட்டர் கொடுத்த இறந்தவர் பட்டியலைப் பார்த்து மானேஜர் அனுப்பிய காகிதம் அது. ஷைனா ரேகாவை உட்காரச் சொல்லிவிட்டு அந்த ஒரு வரியை மாற்றினாள். ஆளுக்கு ஒன்றாக, யாருக்கும் கைமாறாத தனி எண்ணை உறவாக வைத்து ஓட்டினாள். ரேகா, இருபத்துநாலு கிலோ. தபித்தாளுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

புதுப் பட்டியலை மானேஜருக்கு அனுப்பிவிட்டுக் காகிதத்தைக் கிழித்தாள். “மன்னிச்சுக்குங்க. அது எங்கம்மா நம்பர்” என்றாள்.

எழப்போன ரேகா மறுபடி உட்கார்ந்தாள்.

“தபித்தாளம்மா மகளுங்களா? காலையில ஆள் கூப்பிடறப்ப பழைய மேஸ்திரி இந்த நம்பருக்கு இன்னும் அவங்க பேரைத்தானுங்க கூப்பிடறாரு. நானும் ‘இருக்கேன்’னு சொல்லிப்போடுவேனுங்க.”